17 வயதுச் சிறுவனைப் ‘பெரியவராக’ விசாரிப்பது என்றால் என்ன?

ஒரு கொலைச் செய்தி வருகிறது. பிடிபட்ட நான்கு பேரில் ஒருவனுக்கு வயது 17. அன்று மாலைக்குள் இரண்டு கருத்துகள் சுற்ற ஆரம்பித்துவிடும். “பதினெட்டு ஆகலைன்னு சொல்லி விட்டுடுவாங்க, வேணும்னா பாருங்க” என்பது ஒன்று. “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப சட்டத்தையே மாத்தியாச்சு, பெரிய ஆள் மாதிரி தூக்குல போடலாம்” என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில், ஒரே நாளில், ஆளுக்கொரு பக்கம் நின்று உறுதியாகச் சொன்னதைப் படித்திருக்கிறேன். இரண்டுமே தவறு.

சிறார் ஒருவரைப் பெரியவராக விசாரிக்க இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது யாருக்கு, எந்தக் குற்றத்துக்கு, யார் முடிவு செய்வது, முடிவு செய்தபின் என்ன நடக்கும் என்பதெல்லாம் நாம் பேசிக்கொள்வதிலிருந்து நிறையவே வேறுபட்டது. சட்டம் படிக்காதவர்களுக்காக அந்த வழியை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

வீட்டிலேயே இருக்கும் வயதுக் கோடு

மூன்று வயதுக் குழந்தை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கிழித்துப் போட்டால் யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. பத்து வயதுப் பையன் அதே நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் திட்டு விழும். ஆனால் “இவனுக்கு இது தப்பென்று தெரியுமா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா” என்றும் விசாரிப்போம். 17 வயதுப் பையன் எடுத்தால் அந்தக் கேள்வி வராது. “தெரிந்தே செய்திருக்கிறான்” என்போம். அப்போதும், ஐம்பது வயது ஆள் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் என்ன செய்வோமோ அதை அவனுக்குச் செய்யமாட்டோம்.

செயல் ஒன்றுதான். எடுத்தவரின் வயதைப் பொறுத்து நம் கேள்வி மாறுகிறது. சட்டமும் கிட்டத்தட்ட இதே படிகளைத்தான் போட்டிருக்கிறது.

ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, தான் செய்வது என்ன என்று புரியும் அளவுக்கு முதிர்ச்சி இல்லை என்றால் அதுவும் குற்றமாகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 82, 83-ஆம் பிரிவுகளில் இருந்த இந்த விதிகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21-ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. பன்னிரண்டைத் தாண்டிய, 18 நிறையாத ஒருவர் செய்வது குற்றமாகலாம். ஆனால் அவரைக் கையாள்வதற்குத் தனி ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிறார் நீதிச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பார்க்கப்படுவது குற்றம் நடந்த அன்றைய வயது. பிடிபட்ட நாளின் வயதோ, தீர்ப்பு நாளின் வயதோ இல்லை. 17 வயதில் செய்ததற்காக 23 வயதில் பிடிபட்டாலும் சிறார் நீதிச் சட்டம்தான் பொருந்தும். வயதுக்குச் சான்று முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. “மீசை இருக்கே, இவனா சின்னப் பையன்?” என்ற வாதத்துக்கு அதில் இடம் கிடையாது.

‘விட்டுவிடுவார்கள்’ என்பது உண்மையா?

18 நிறையாத ஒருவர் பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம் என்பது மூன்று பேர் கொண்ட அமர்வு: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது சிறாரை வெளியே விடவில்லை என்றால் அவர் இருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம்.

சட்டம் இவரைக் ‘குற்றவாளி’ என்று எங்கும் சொல்வதில்லை. ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்கிறது. கேட்பதற்குக் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 16 வயதில் ஒட்டிய பெயர் 60 வயது வரை போகும் என்பதை யோசித்தால் அந்தச் சங்கடமான சொல்லுக்குக் காரணம் புரியும்.

குழுமம் விசாரித்து, செய்தது உண்மை என்று கண்டால் என்ன செய்யலாம்? கண்டித்து அனுப்பலாம், மனநல ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் விடலாம், அதிகபட்சமாக மூன்று ஆண்டுகள் வரை சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். அங்கே படிப்பும் தொழிற்பயிற்சியும் ஆலோசனையும் தர வேண்டும்.

ஆக, ‘விட்டுவிடுவார்கள்’ என்பது சரியல்ல. ஆனால் உச்சவரம்பு மூன்று ஆண்டுதான் என்பது சரி. இந்த மூன்று ஆண்டுதான் பின்னால் வந்த அத்தனை சண்டைக்கும் காரணம்.

சுருக்கமாக இதுவரை: ஏழு வயதுக்குக் கீழ் குற்றமே கிடையாது. 18 நிறையாதவர் குழுமத்துக்குப் போவார், நீதிமன்றத்துக்கு இல்லை. குழுமம் தரக்கூடியது மூன்று ஆண்டு வரை.

2012 டிசம்பரும் அதன் பிறகும்

2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறையில் கைதான ஆறு பேரில் ஒருவருக்கு 18 நிறையச் சில மாதங்கள் இருந்தன. அப்போது இருந்தது 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அதன்படி அவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு. மற்றவர்களுக்கு மரண தண்டனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இவருக்கு மூன்று ஆண்டு என்பதை நாட்டால் ஏற்கவே முடியவில்லை.

சிறார் வயதை 18-லிருந்து 16-ஆகக் குறையுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. அந்தச் சம்பவத்தையடுத்துச் சட்டங்களை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில், குறைக்க வேண்டாம் என்றது. அரசு கடைசியில் ஒரு நடுவழியைப் பிடித்தது: வயது 18-ஆகவே இருக்கட்டும், 16 நிறைந்து 18 நிறையாதவர்கள் மிகக் கடுமையான குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, தேவையானால் பெரியவராக விசாரிக்கலாம். அந்த மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது 2015 டிசம்பர் 22-ல். தில்லி வழக்கின் அந்த நபர் விடுதலையானது அதற்கு இரண்டு நாள் முன்பு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15-ல்.

இரண்டு நாள் முன்பே நிறைவேற்றியிருந்தால் அவர் உள்ளேயே இருந்திருப்பார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இருந்திருக்க மாட்டார். குற்றம் நடந்த அன்று சட்டத்தில் இருந்ததைவிட அதிகமான தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டித் தர முடியாது; அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

16 நிறையாத சிறாருக்கு இந்தப் புதிய வழி திறக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15 வயதுச் சிறுவன் கொலையே செய்திருந்தாலும் இந்தியாவில் அவனைப் பெரியவராக விசாரிக்க முடியாது.

கொடுங்குற்றம்: கொடுமையை அளப்பதில்லை, ஆண்டுகளை எண்ணுகிறது

இனி வருவது பலரும் இடறி விழும் இடம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: சிறு குற்றம், கடுங்குற்றம், கொடுங்குற்றம். பெரியவராக விசாரிக்கும் பேச்சு எழுவது மூன்றாவதற்கு மட்டும். கொடுங்குற்றம் என்றால் படிக்கும்போதே மனம் பதறும் குற்றம் என்று நினைப்போம். சட்டத்துக்கு அந்த அளவுகோல் இல்லை. எந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ அதுதான் கொடுங்குற்றம்.

குறைந்தபட்சம் என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவுகளில் தண்டனை இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். “பத்து ஆண்டு வரை” என்றால் அது மேல்வரம்பு. நீதிபதி ஓர் ஆண்டுகூடத் தரலாம். “பத்து ஆண்டுக்குக் குறையாமல்” என்றால் அது கீழ்வரம்பு. அதற்குக் கீழே இறங்க முடியாது. சிறாரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று பார்க்கும்போது எண்ணப்படுவது இந்தக் கீழ்வரம்பு. மேல்வரம்பு ஆயுள் தண்டனை வரை போனாலும், கீழ்வரம்பு இல்லாத குற்றம் கொடுங்குற்றம் ஆகாது. இதில் கீழ் நீதிமன்றங்களில் குழப்பம் இருந்தது. தில்லியில் 2016-ல் கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மேல்வரம்பு ஏழு ஆண்டைத் தாண்டினாலும் கீழ்வரம்பு இல்லாத குற்றங்கள் கடுங்குற்றம் என்ற நடு வகுப்பிலேயே சேரும் என்றது. 2021-ல் வந்த திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடைகள் வியப்பாக இருக்கும். கொலைக்கு மரணம் அல்லது ஆயுள், எனவே கொடுங்குற்றம். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கொலை முயற்சிக்குப் பொதுவாகக் கீழ்வரம்பு கிடையாது. அதனால் ஒருவரை வெட்டிச் சாய்த்து, அவர் எப்படியோ பிழைத்துக்கொண்டால், வெட்டிய 17 வயதுச் சிறுவனின் வழக்கு குழுமத்திலேயே நிற்கும்.

புனே கார் விபத்து நினைவிருக்கும். 2024 மே 19 அதிகாலை 17 வயதுச் சிறுவன் ஓட்டிவந்த சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றே பிணை கிடைத்தது. சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. பெரியவராக விசாரிக்க வேண்டும் என்று காவல்துறை மனுப் போட்டது. 2025 ஜூலையில் குழுமம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. பணக்கார வீட்டுப் பையன் என்பதால் தப்பித்தான் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அந்த வழக்கில் பணம் விளையாடியதா என்பது வேறு கேள்வி. ரத்த மாதிரியை மாற்றியதாகத் தனி வழக்கே இருக்கிறது. ஆனால் இந்த மனுவைப் பொறுத்தவரை, அவன் கூலித் தொழிலாளியின் மகனாக இருந்திருந்தாலும் கணக்கு இதேதான். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற அந்தப் பழைய 304-ஆம் பிரிவில் மேல்வரம்பு ஆயுள் வரை உண்டு, ஏழு ஆண்டு என்ற கீழ்வரம்பு இல்லை.

இப்போது மறுபக்கம். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் காதலிக்கிறார்கள், ஊரைவிட்டுப் போகிறார்கள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். 18 நிறையாதவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. உடலுறவு நடந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கீழ்வரம்பு பத்து ஆண்டு. கணக்குப்படி இது கொடுங்குற்றம். ஊருக்கு வெளியே யாரோ “இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு” என்று சொல்ல, 20 கிலோவுக்கு மேல் கஞ்சாவைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிய 16 வயதுப் பையன்? போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கணக்கில் அது வணிக அளவு, கீழ்வரம்பு பத்து ஆண்டு, கொடுங்குற்றம்.

சொகுசுக் காரில் இருவரைக் கொன்றது நடு வகுப்பு, காதலித்து ஓடியது உச்ச வகுப்பு. இதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு “ஏன் இவனைப் பெரியவராக விசாரிக்கவில்லை” என்று கேட்கும் முன், அந்தப் பிரிவின் கீழ்வரம்பு என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாதி விடை அங்கே இருக்கும்.

சுருக்கமாக: வயது 16 நிறைந்து 18 நிறையாமல் இருக்க வேண்டும், குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டாவது இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பேச்சு அங்கேயே முடிந்தது.

முதல்நிலை மதிப்பீடு: எந்தப் பக்கம் அனுப்புவது?

இரண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே பெரியவராக மாற்றிவிடுவார்களா? இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி குழுமம் ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும்.

பெரிய அரசு மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஒரு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் நாலு கேள்வி கேட்டு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். இதயப் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார் என்பதற்காக உங்களுக்கு இதய நோய் என்று ஆகிவிடாது. நோய் இருக்கிறதா என்பதை உள்ளே இருக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல்நிலை மதிப்பீடு அந்த மேசை. ‘பெரியவராக விசாரிக்க உத்தரவு’ என்று செய்தி வரும்போது பலர் அதைத் தீர்ப்பு வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிறார் குற்றம் செய்தாரா இல்லையா என்று அதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. இந்த மதிப்பீடு விசாரணை ஆகாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

குழுமம் பார்க்க வேண்டியவை மூன்று. அந்தக் குற்றத்தைச் செய்யும் அளவுக்கு மனத்திறனும் உடல்திறனும் அந்தச் சிறாருக்கு இருந்ததா; அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா; எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது. உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்களின் உதவியைப் பெறலாம். முதல் முறை குழுமத்தின் முன் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும் சிக்கல். முதலாவது, இந்தப் பையன் இன்று என்னவாக இருக்கிறான் என்பதை உளவியலாளர் பார்க்க முடியும். மூன்று மாதத்துக்கு முன், அந்த இரவில், அந்த நண்பர்களுக்கு நடுவே அவன் மனம் எப்படி இருந்தது என்பதை இன்று எந்தச் சோதனையால் அளப்பது? இரண்டாவது, குற்றத்தைச் செய்தானா என்றே தெரியாதபோது, ‘அதைச் செய்யும்போது விளைவு புரிந்ததா’ என்று எப்படிக் கேட்பது? “நான் செய்யவே இல்லை” என்று சொல்லும் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘விளைவு தெரியும்’ என்பதற்கு என்ன பொருள்? கத்தியால் குத்தினால் ரத்தம் வரும், ஆள் சாகலாம் என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். குருகிராமில் ஒரு பள்ளியில் 2017-ல் இரண்டாம் வகுப்பு மாணவன் கொல்லப்பட்ட வழக்கில், 16 வயது மாணவன் ஒருவனைப் பெரியவராக விசாரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றத்தைச் செய்யும் மனத்திறன் இருப்பதும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருப்பதும் ஒன்றல்ல என்று 2022 ஜூலைத் தீர்ப்பு சொன்னது. விளைவு என்றால் கண்முன் நடக்கும் சாவு மட்டும் கிடையாது. இறந்த குழந்தையின் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் வாழ்க்கை எங்கே போய் நிற்கும் என்று நெடுந்தூரம் பார்ப்பதும் அதில் அடங்கும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் யாரும் இல்லையென்றால், நிபுணரின் உதவியைப் பெறுவது விருப்பம் ஆகாது, கட்டாயம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. வழக்கு மறு மதிப்பீட்டுக்குப் போனது. மறுபடி பார்த்த குழுமமும் பெரியவராக விசாரிக்கலாம் என்றே முடிவெடுத்தது. “அப்புறம் எதற்கு இவ்வளவு சுற்று” என்று கேட்பவர்கள் உண்டு. அதே முடிவுதான் என்றாலும் இந்த முறை சரியான கேள்வியைக் கேட்டு வந்த முடிவு.

பதின்வயதினரின் மூளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் சிறார்களையும் இளைஞர்களையும் பெரியவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடவைத்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது 24 வயதைத் தாண்டியவர்களைவிட இளையவர்கள் எடுத்த ஆபத்து அதிகம். விதி தெரியாமல் செய்ததில்லை. தெரிந்ததை அந்த நொடியில் பயன்படுத்த முடியாமல் போனது. தேர்வு அறையில் சரியாகப் பதில் எழுதும் பையன், நாலு பேர் உசுப்பேற்றும் இடத்தில் அதையே மறந்துபோவதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதனால் 17 வயதில் யாருக்கும் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அமைதியான அறையில் உட்காரவைத்து “கொலை செய்வது தப்பா?” என்று கேட்டு, “தப்பு” என்று அவன் சொன்னதும் “ஆ, விளைவு தெரிகிறது” என்று குறித்துக்கொள்வது மதிப்பீடு ஆகாது.

இரண்டாவது வடிகட்டி

குழுமம், பெரியவராக விசாரிக்கத் தேவையில்லை என்று நினைத்தால் வழக்கைத் தானே முடிக்கும். மூன்று ஆண்டு வரம்பு பொருந்தும். தேவை என்று நினைத்தால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அமர்வு நீதிமன்ற நிலையில், குழந்தைகள் தொடர்பான வழக்குகளுக்கென்று குறிக்கப்பட்ட நீதிமன்றம் அது. குழுமத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

அங்கே போனதும் நேராக விசாரணை தொடங்கிவிடாது. குழந்தைகள் நீதிமன்றம் தானும் ஒருமுறை யோசிக்க வேண்டும்: இவரைப் பெரியவராக விசாரிக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்று பட்டால், குழுமம் போலவே விசாரித்து, குழுமம் தரக்கூடிய அளவுக்கே உத்தரவிடலாம். செய்திகளில் இந்த இரண்டாவது வடிகட்டியைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

எது மாறும், எது மாறாது

பெரியவராக விசாரிப்பது என்று இரண்டு அமர்வுகளும் முடிவு செய்துவிட்டன. இப்போது அந்த 17 வயதுச் சிறார் சட்டத்தின் கண்ணில் 18 ஆகிவிட்டாரா? அதுதான் இல்லை. மூன்று ஆண்டு என்ற வரம்பு போய்விடுகிறது. வழக்கமான குற்றவியல் நடைமுறைப்படி விசாரணை நடக்கும். நீண்ட சிறைத் தண்டனை வரலாம். மற்றபடி அவர் சிறார்தான்.

மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. சிறார் நீதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. ஆயுள் தண்டனை வரலாம். ஆனால் வெளியே வரும் கதவு எங்காவது ஒன்று திறந்திருக்க வேண்டும்.

21 வயது வரை சிறையும் கிடையாது. அதுவரை ‘பாதுகாப்பு இடம்’ என்று சட்டம் சொல்லும் தனி இல்லத்தில் வைக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்க்கக் கூடாது. அங்கே படிப்பும் பயிற்சியும் ஆலோசனையும் தொடர வேண்டும். 21 ஆனதும் குழந்தைகள் நீதிமன்றம் மறுபடி பார்க்கும்: இவர் மாறியிருக்கிறாரா, வெளியே போனால் ஒழுங்காக வாழ்வாரா? மாறியிருந்தால் கண்காணிப்பு நிபந்தனையோடு விடுவிக்கலாம். இல்லையென்றால் மீதித் தண்டனைக்குச் சிறை. கோபத்தில் எழுதப்பட்ட சட்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் கோபம் தணிந்தபின் ஒருமுறை திரும்பிப் பார்க்க உள்ளேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத ஓர் இழப்பும் உண்டு. குழுமத்தில் முடிந்த வழக்கு ஒரு சிறாரின் எதிர்கால வேலைக்கோ தேர்வுக்கோ தடையாக இருக்கக் கூடாது. ஆவணங்களையும் காலப்போக்கில் அழித்துவிட வேண்டும். பெரியவராக விசாரித்துக் குற்றம் உறுதியானவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தண்டனை முடிந்து 25 வயதில் வெளியே வந்தாலும் அந்தக் காகிதம் கூடவே வரும்.

பத்து வயதுக் குழந்தைகள் நின்ற கூண்டு

இந்தியாவில் 16 என்பது கடக்க முடியாத கோடு. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. நாம் அடிக்கடி கேள்விப்படும் அமெரிக்க வழக்குகளை இந்தியச் சட்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் இதையும் சொல்கிறேன்.

சிறார்களுக்கென்று உலகின் முதல் தனி நீதிமன்றம் 1899-ல் சிகாகோவில் தொடங்கியது. அதே நாட்டில்தான் 1990-களில் குற்றப் பயத்தில் மாநிலங்கள் வரிசையாகச் சட்டத்தைக் கடுமையாக்கின. அங்கே பெரியவர் நீதிமன்றத்துக்கு மூன்று வழிகள் உண்டு: நீதிபதி அனுப்புவது, அரசு வழக்கறிஞரே தேர்வு செய்து நேராகப் பெரியவர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது, குறிப்பிட்ட குற்றம் என்றால் சட்டமே தானாக அனுப்பிவிடுவது. பின்னிரண்டு வழிகளில் அந்தக் குழந்தையின் மனத்திறனை முன்கூட்டி யாரும் பார்க்க வேண்டியதில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் திட்டமிட்ட கொலை என்றால் பத்து வயதிலிருந்தே பெரியவர் நீதிமன்றம்தான் தொடக்கப் புள்ளி. ஃபுளோரிடாவில் 1999-ல் நடந்த ஒரு மரணத்துக்காக, அப்போது 12 வயதாக இருந்த சிறுவனுக்கு 2001-ல் விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 18 நிறையாமல் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-ல்தான்.

இங்கிலாந்தில் 1993-ல் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றதாக இரண்டு சிறுவர்கள் பிடிபட்டார்கள். கொலை நடந்தபோது இருவருக்கும் வயது பத்து. பெரியவர் நீதிமன்றத்தில், பத்திரிகையாளர்கள் நிறைந்த அறையில் விசாரித்தார்கள். குற்றவாளிக் கூண்டின் தடுப்புக்கு மேலே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதால் கூண்டின் தரையை உயர்த்திக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கத் தரையை உயர்த்தலாம். நடப்பது என்ன என்று புரியவைக்க என்ன செய்வது? அந்த விசாரணையில் அவர்களால் உண்மையில் பங்கெடுக்க முடிந்திருக்காது, எனவே அது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. அந்தச் சிறுவர்கள் குற்றம் செய்யவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தன் வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லவும், சாட்சி பேசுவதைப் புரிந்துகொள்ளவும் முடியாத ஒருவரை விசாரிப்பது விசாரணையே இல்லை என்பதுதான் அதன் சாரம்.

பெயரும் படமும்

கடைசியாக, நாம் எல்லாரும் செய்துவிடக்கூடிய ஒரு தவறு. “பெரியவராகத்தானே விசாரிக்கிறார்கள், பெயரைப் போட்டால் என்ன?” என்று கேட்கிறார்கள். போடக் கூடாது. சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடுக்கிறது. பெரியவராக விசாரிக்க உத்தரவு வந்துவிட்டது என்பதால் இந்தத் தடை நீங்குவதில்லை. அது செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமான விதியும் இல்லை. மற்ற எல்லாத் தகவல் தொடர்பு வழிகளும் அதில் அடக்கம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வாட்ஸ்அப் குழுவில் “இவன்தான் அவன்” என்று யாரோ அனுப்பிய பள்ளிச் சீருடைப் படத்தை நாலு பேருக்குத் தட்டிவிடுவதும் இதில் சேரும்.